மாவு பொய் சொல்லாது

அரை மணிக்கு நாற்பத்தைந்து பவுண்டு.
கிளப் கதவில் கென்னத் ஃபார்க்கர்சன் ஒட்டிய தாள்
மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து
எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது.
விலை மட்டும் அப்படியே இருக்கிறது.

ரொட்டிக்கடையில் என் வேலை பத்து மணிக்கு முடியும்.
கிளம்பும்போது கோட்டுப் பையில் ஒரு பிடி மாவு.
திருட்டுதான்.
ஹேமிஷ் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார்.

கடலோரத் திடலில்
ஏழாம் எண் இரும்பின் முகத்தில் அதைப் பூசி
ஒரே ஒரு பந்து அடிப்பேன்.
எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பதில்லை.
பந்து காற்றின் தோளில் ஏறிக்கொண்டு பொய் சொல்லும்.
மாவு சொல்லாது.
குதிகால் பக்கம் ஒரு வட்டம்.
மறுபடியும் அங்கேயே.
நான்காம் நாள் அரை அங்குலம் பின்னால் நின்றேன்.
வட்டம் நடுவுக்கு வந்தது.
கையில் ஒன்றுமே உணரவில்லை,
சூடான ரொட்டியில் கத்தி இறங்குவதுபோல.

இந்தக் கரையில் வெயிலை விரல்விட்டு எண்ணலாம்.
வந்தால் அதற்கு முதுகைக் கொடுத்து நிற்பேன்.
என் தலையின் நிழலை ஒரு டெய்சிப் பூமேல் வைத்து
மட்டையை வீசுவேன்.
பூவுக்கு வெளிச்சம் வந்தால்
என் தலை ஆடியிருக்கிறது.
மே மாதம் முழுக்க
அந்தப் பூ என் தயவில் நன்றாக வெயில் காய்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை
மஞ்சள் பூத்த முட்புதருக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் கென்னத்தும்
அபர்தீனிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவரும்.
"பிடியைத் தளர்த்துங்கள்" என்றார் கென்னத்.
ஒன்பது தடவை சொன்னார்.
பணம் கட்டியவர் தளர்த்தவில்லை.
மூன்றாம் தடவையிலேயே
நான் தளர்த்திவிட்டேன்.

மாலையில் வீட்டுக் கம்பளம்.
ஆறடி தள்ளி நாற்காலிக் கால்.
பட்டால் 'டொக்'.
தவறினால் பந்து சுவர்வரை உருண்டு போகும்.
கீழ்வீட்டு ஐனா பக்கன்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பாள்.
பிறகு இடிப்பது நின்றது.
படியில் எதிர்ப்பட்டபோது கேட்டாள்:
"நேற்று வரிசையாக ஒன்பது டொக்.
பத்தாவதில் என்ன ஆச்சு உனக்கு?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
எங்கள் ஊர் மைதானம் உண்மையிலேயே கோணல்,
பதினெட்டுக் குழியும் கடலை நோக்கிச் சாயும்.
ஆறு வருடம் அதைச் சொல்லியே
முதல் அடியைப் பழக்கக் கணக்கில் எழுதினேன்,
புதரில் போனதைக் காற்றின் கணக்கில் எழுதினேன்.
அப்படியும் நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கியதில்லை.

சனிக்கிழமை ஸ்ட்ரூவனோடு ஆடினேன்.
பதினோராம் குழி, ஹெதர் புதரின் ஓரம்.
மட்டையைத் தரையில் வைத்தேன்,
பந்து அசைந்தது.
ஒரு விரல் அகலம்.
அதுகூட இருக்காது.
ஸ்ட்ரூவன் கடல்நாய் ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தான்,
அது முங்கி முங்கி எழ
மூன்று என்று நினைத்துக்கொண்டு.

பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.
"ஒன்று கூட்டிக்கொள்" என்றேன்.
"எதற்கு?" என்றான்.
"அசைந்தது."
"நான் பார்க்கவில்லையே."
"தெரியும்."

கடைசிக் குழியில் நாலடி உருட்டு.
அங்கே நாற்காலிக் கால் இல்லை,
அதனால் டொக்கும் இல்லை.
பந்து உள்ளே விழும்போது
கிண்ணத்துக்குள் கரண்டி போட்ட சத்தம்.

ஐனா படியிலேயே நின்றிருந்தாள்,
கையில் பால் புட்டியோடு.
"எத்தனை?"
"நூறு."
"நூற்றுக்கு நூறா!
ஒன்றுகூட விடவில்லையா நீ?"
"இல்லை ஐனா.
ஒன்று அதிகம்."

அவளுக்குப் புரியவில்லை.
அன்றிரவு நாற்காலியை
இன்னும் ஓரடி தள்ளி வைத்தேன்.
கீழே ரேடியோவின் சத்தம் குறைந்தது.